ரசிகர் கேம்களில் கதை எவ்வளவு தாங்கும்?

ஏற்கெனவே உள்ள ஒரு விளையாட்டை மூலமாக வைத்து ரசிகர்கள் சொந்த முயற்சியில் செய்யும் வீடியோ கேம்களில் முடிந்தவற்றைவிடப் பாதியில் நின்றவையே அதிகம். ஏன் நின்றது என்று கேட்டால் நேரமில்லை, ஆள் இல்லை, உரிமை வைத்திருக்கும் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பிவிட்டது என்று பதில் வரும். மூன்றும் நிஜமாகவே நடப்பவைதான். ஆனால் அந்த மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று அடிக்கடி கிடக்கும்: கதை. நாற்பது பக்க முன்கதை, மூன்று அரச வம்சங்கள், ஐம்பது பெயர்கள் எல்லாம் தயாராக இருக்கும். விளையாடுவதற்கு இரண்டு மேப்தான் இருக்கும்.

அதற்காகக் கதை எளிமையாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட முடியாது. சிக்கலான கதையோடு முழுமையாக வெளிவந்து பேர் வாங்கிய ரசிகர் கேம்கள் இருக்கின்றன. சிக்கலை எதை வைத்து அளப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எத்தனை சம்பவங்கள் நடக்கின்றன என்பதைக் கணக்கெடுத்துப் பயனில்லை. ஆட்டக்காரர் ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. கேம் தன் சேவ் ஃபைலில் எத்தனை நிலைகளை வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கணக்கு எகிறினால் விளையாடுபவர் கழன்றுகொள்வார். இரண்டாவது எகிறினால் செய்பவரே கழன்றுகொள்வார்.

மூலத்தில் விட்டுப்போன இடம்

ரசிகர் கேமுக்கு மற்ற கேம்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. விளையாட வருபவருக்குப் பாதிக் கதை முன்பே தெரியும். உலகத்தையும் எதிரியையும் சட்டதிட்டங்களையும் விளக்க ஒரு வரிகூடச் செலவழிக்க வேண்டாம். மிச்சமாகும் அந்த இடத்தை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. நன்றாக வந்த ரசிகர் கேம்களைப் பார்த்தால், பெரும்பாலும் மூல விளையாட்டு பேசாமல் விட்ட ஒரு சின்ன இடத்தைத்தான் அவை பிடித்திருக்கின்றன.

2023 டிசம்பரில் வெளிவந்த அண்டர்டேல் யெல்லோ இதற்கு நல்ல சான்று. டோபி ஃபாக்ஸின் அண்டர்டேல் 2015-இல் வந்தது. நாயகருக்கு முன்பு பாதாள உலகில் விழுந்த ஆறு மனிதர்களைப் பற்றி அதில் அதிகம் சொல்லப்படுவதில்லை. அவர்களில் ஒருவரின் அடையாளமாக மிஞ்சியிருப்பது ஒரு கடையில் விற்கும் கௌபாய் தொப்பியும் குண்டில்லாத துப்பாக்கியும் மட்டும்தான். அந்த இரண்டு பொருள்களுக்குச் சொந்தக்காரர் யார் என்பதையே ரசிகர் குழு முழுநீளக் கேமாக ஆக்கியது. மூலத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாத்திரம் கடைசியில் என்ன ஆகும் என்பது முதல் நிமிடத்திலேயே தெரியும். அதனால் முடிவை மறைத்துவைக்கும் வேலை குறைகிறது. எழுதுபவர்கள் அங்கே போய்ச் சேரும் வழியில் கவனத்தைச் செலுத்தலாம். அப்படியும் அந்தக் கேம் முடிய ஏழு ஆண்டுகள் ஆயின. மூலத்தைப் போலவே இரக்கம், கொலை, இரண்டுக்கும் இடைப்பட்டது என்று பாதைகள் பிரிந்ததில், ஊர் ஒன்றே ஆனாலும் மனிதர் நிறைந்த ஊராக ஒரு முறையும் வெறிச்சோடிய ஊராக ஒரு முறையும் அதைச் செய்தாக வேண்டும். இடம் சின்னதாக இருந்தாலும் கிளைகள் பெரிது.

ஏஎம்2ஆர் வேறு வழியில் போனது. 1991-இல் கேம் பாய்க்கு வந்த மெட்ராய்ட் 2-ஐ மில்டன் குவாஸ்டி என்ற அர்ஜென்டினாக்காரர் ஏறத்தாழ பத்தாண்டு உழைத்து மறுபடி செய்து, 2016 ஆகஸ்டில் வெளியிட்டார். மூலத்தில் விளையாட்டுக்குள் கதையே கிடையாது என்று சொல்லலாம். எஸ்ஆர்388 கிரகத்துக்குப் போன ஆய்வுக் குழு திரும்பவில்லை என்ற சேதி அச்சிட்ட கையேட்டில்தான் இருந்தது. ஏஎம்2ஆர் அந்தக் கையேட்டு வரியை எடுத்துக்கொண்டு, புதிய பகுதிகளுக்குள் நுழையும்போது சேரும் பதிவுக் குறிப்புகளாகப் பரப்பியது. குறிப்பு வந்ததும் விளையாட்டு நிற்காது. வேண்டுமென்றால் மெனுவைத் திறந்து படிக்கலாம், வேண்டாமென்றால் ஓடிக்கொண்டே இருக்கலாம். மெட்ராய்ட் தனிமையின் விளையாட்டு. அங்கே யாராவது வந்து வாய்திறந்து பேசினாலே அந்தத் தனிமை கெட்டுவிடும். அதைப் புரிந்துகொண்டு செய்த வேலை இது.

இன்னும் சிக்கனமான உதாரணம் பிளாக் மெசா. 1998-இல் வந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மறு உருவாக்கம். 2012-இல் இலவச 'மாட்' ஆக, அதாவது ஒரு விளையாட்டின் மேல் ரசிகர்கள் செய்யும் மாற்றமாக வந்து, முழுமையாக முடிந்தது 2020-இல். மூலத்தில் விஞ்ஞானிகள் எல்லாரும் ஒரே சில முகங்களின் நகல்கள். ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது ஈலை வான்ஸ், க்ளைனர் இருவரும் பெயரும் முகமும் உள்ள முக்கியப் பாத்திரங்கள் ஆனார்கள். பிளாக் மெசா குழு தொடக்கக் காட்சிகளில் நிற்கும் இரு விஞ்ஞானிகளை இந்த இருவராகவே வடிவமைத்துவிட்டது. புதிய திருப்பமோ கட்சீனோ (ஆட்டக்காரர் வெறுமனே பார்க்கும் கதைக் காட்சி) சேர்க்கவில்லை. இரண்டு விளையாட்டுகளும் தைத்ததுபோல் ஒட்டிக்கொண்டன. கதைக்குச் செலவே இல்லாமல் கிடைக்கும் ஆழம் இதுதான்.

இதற்கு எதிர்த்திசையில் போவதுதான் பாலம் கட்டும் ஆசை. இரண்டு அதிகாரப்பூர்வ விளையாட்டுகளுக்கு நடுவில் உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே ரசிகர் கேமில் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை. க்ரோனோ ட்ரிகர் (1995), க்ரோனோ க்ராஸ் (1999) இரண்டையும் இணைக்க 2004-இல் தொடங்கிய க்ரிம்சன் எக்கோஸ் என்ற ரோம் ஹேக் (பழைய விளையாட்டின் கோப்பையே மாற்றிச் செய்யும் கேம்), வெளியீட்டுக்குச் சில நாள்களே இருந்தபோது 2009 மே மாதம் ஸ்கொயர் எனிக்ஸின் சட்ட நோட்டீஸால் நின்றது. அதை நிறுத்தியது கதை அல்ல, சட்டம்தான். ஆனால் ஐந்தாண்டு நீண்ட வேலை ஐந்தாண்டும் அந்த ஆபத்துக்குக் கீழேதான் நடந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாலக் கதைகளுக்கு உள்ளேயே ஒரு குறையும் உண்டு. ஒவ்வொரு காட்சியும் ஏதோ ஒரு பழைய கேள்விக்கு விடையாக வருவதால், யாருக்கும் சொந்த ஆசை என்று எதுவும் இல்லாமல், பாத்திரங்கள் தகவல் சொல்லிவிட்டுப் போகும் ஆட்களாகிவிடுகிறார்கள்.

கிங்ஸ் குவெஸ்ட் தொடரின் ரசிகத் தொடர்ச்சியான தி சில்வர் லைனிங் இன்னொரு பாடம். 2005-இலும் 2010-இலும் உரிமையாளர் நிறுவனங்களின் தடையைச் சந்தித்து, பிறகு அனுமதி பெற்று, 2010 ஜூலையில் முதல் பாகம் வந்தது. ஐந்து பாகம் திட்டம், 2011 நவம்பரில் நான்காவது வந்தது, ஐந்தாவது வரவேயில்லை. முதல் பாகத்தில் கதைசொல்லி நீளமாகப் பேசுகிறார், புதிர்கள் குறைவு என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. பல பாகத்துக்கான கதையை அடுக்கிவைத்தால் முதல் பாகம் முழுக்க அறிமுகமாகவே போய்விடும். கடைசிப் பாகம் வராவிட்டால் அந்த அறிமுகத்துக்கு அர்த்தமும் இல்லாமல் போகும். பாகம் பாகமாக வெளியிடுபவர்கள் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சிக்கலையாவது தொடங்கி அதே பாகத்தில் முடித்துவிடுவது நல்லது.

மூல விளையாட்டின் தாளம்

கதை எவ்வளவு வேண்டும் என்பதை ஓரளவு மூல விளையாட்டே சொல்லிவிடும். போக்கிமான் வகை ரசிகர் கேம்களை எடுத்துக்கொள்ளலாம்; கதையை மிகுதியாக ஏற்றுவது இங்கேதான் அதிகம். எட்டு ஜிம் (தலைவரைச் சண்டையில் வென்று கடக்க வேண்டிய இடம்) என்பது பழைய எலும்புக்கூடு. இரண்டு ஜிம்களுக்கு நடுவே ஒரு பாதை, ஒரு குகை, ஓர் ஊர், பிடிக்கவும் வளர்க்கவும் சண்டைக்கும் ஒன்றரை இரண்டு மணி நேரம். அந்த இடைவெளியில் கதை ஓர் அடி வைக்கலாம். ஆக மொத்தம் எட்டிலிருந்து பத்து அடி. இருபத்தைந்து திருப்பம் எழுதிவைத்திருப்பவர் ஒன்று ஜிம்களை நிறுத்திவைத்துவிட்டுக் கட்சீன் ஓட்ட வேண்டும், அல்லது பாதி வழியில் இரண்டு திருப்பங்களை ஒரே அறையில் வெடிக்கவிட வேண்டும். இரண்டுமே அடிக்கடி நடக்கிறது. போக்கிமான் ரீபார்ன் அதிகமான கதையைத் தாங்கியதற்குக் காரணம், அது எலும்புக்கூட்டையே நீட்டியதுதான்: பதினெட்டு ஜிம். பதிலுக்குக் கொடுத்த விலை, 2012 முதல் 2022 வரை அத்தியாயம் அத்தியாயமாக நீண்ட வெளியீடு.

போக்கிமான் யுரேனியம் என்ற ரசிகர் கேமின் முறை இதைவிடச் சாமர்த்தியமானது. ஒன்பதாண்டு வேலைக்குப் பின் 2016 ஆகஸ்டில் வெளியான அந்தக் கேமைப் பதினைந்து லட்சம் முறைக்கு மேல் ஆட்கள் தரவிறக்கினார்கள். சில நாள்களிலேயே நின்டெண்டோ தரப்பின் நோட்டீஸ் வந்து தரவிறக்கச் சுட்டிகள் மறைந்தன. கதையின் மையம் ஒன்றே ஒன்று: அணு உலை விபத்து, அதில் தொலைந்த தாய். அதே விபத்துதான் 'நியூக்ளியர்' என்ற புதிய டைப்பாக (போக்கிமான் வகையாக) விளையாட்டு விதியிலும் நிற்கிறது. அந்த டைப் ஸ்டீல் தவிர மற்ற எல்லா டைப்பையும் கடுமையாகத் தாக்கும்; மற்ற எல்லா டைப்பிடமும் கடுமையாக அடிவாங்கும். கதிர்வீச்சின் ஆபத்தை விளக்கும் வசனப் பெட்டிகள் எத்தனையோ மிச்சம். அப்படியொரு போக்கிமானிடம் ஒருமுறை சண்டை போட்டவருக்கு விஷயம் புரிந்துவிடும். கதையிலுள்ள ஒரு சிக்கலை விதியாக மாற்ற முடியுமென்றால் மாற்றிவிட வேண்டும். விதியை ஆட்டக்காரர் மறக்க மாட்டார். வசனத்தை அடுத்த ஊருக்குள் மறந்துவிடுவார்.

போக்கிமான் இன்சர்ஜென்ஸ் என்ற ரசிகர் கேமின் குழு சிக்கலை ஆட்டக்காரரின் கையிலேயே கொடுத்தது. தொடக்கத்திலேயே கதை இருண்டதாக வேண்டுமா, மென்மையாக வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். சோனிக் ரசிகர் கேமாகத் தொடங்கிப் பின் தனி விளையாட்டாக மாறிய ஃப்ரீடம் பிளானட் (2014) இன்னும் நேரடி: கட்சீன்களுடன் ஒரு முறை, கட்சீன் எதுவும் இல்லாத 'கிளாசிக்' முறை ஒன்று. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் ஃப்ரீடம் பிளானட் வழி மலிவானது, இன்சர்ஜென்ஸ் வழி விலை கூடியது. காட்சியைத் தூக்கிவிட ஒரு நிபந்தனை போதும். காட்சியை வேறு தொனியில் எழுத, அதைச் சுட்டும் பிற்கால வசனங்களையும் இரண்டாக எழுதிச் சோதிக்க வேண்டும். சிறு குழுவுக்கு ஃப்ரீடம் பிளானட் வழியையே பரிந்துரைப்போம். ஓட்டத்தை நம்பியிருக்கும் பிளாட்ஃபார்ம் வகை விளையாட்டு என்றால், லெவலுக்கு முன்னால் முப்பது விநாடிக்கு மேல் யாரும் பேசக்கூடாது என்பதே எங்கள் கட்சி.

பெட்டி, சுவிட்ச், வேரியபிள்

எழுதும்போது சின்னதாகத் தெரிவது திரையில் எப்படி வீங்குகிறது என்று பார்க்கலாம். விளையாட்டு செய்ய உதவும் ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி என்ற மென்பொருளின் மேல் ஓடும் போக்கிமான் எசென்ஷியல்ஸ் கருவித்தொகுப்பில் திரை அளவு 512×384. வசனப் பெட்டியில் இரண்டு வரி. ஆங்கிலத்தில் சுமார் பன்னிரண்டு சொல். அறுநூறு சொல் கொண்ட காட்சி, தாளில் ஒன்றரைப் பக்கம், ஐம்பது பெட்டிகள் ஆகிறது. பட்டனை ஐம்பது முறை அமுக்க வேண்டும். படிப்பதற்கு மூன்று நிமிடம், பாத்திரங்கள் நடந்து திரும்ப ஒன்றிரண்டு நிமிடம். அப்படி ஒரு காட்சி பாஸ் சண்டைக்கு முன்னால் நின்று, சண்டையில் தோற்றவர் மறுபடி அதே ஐம்பது பெட்டிகளைத் தாண்ட வேண்டியிருந்தால், மூன்றாவது தோல்வியோடு விளையாட்டை மூடிவிடுவார். சேவ் செய்யும் இடத்தைக் காட்சிக்கும் சண்டைக்கும் நடுவில் வைக்க வேண்டும். அது முடியாவிட்டால், ஒருமுறை பார்த்தாயிற்று என்று ஒரு சுவிட்சில் (ஆம், இல்லை என்று மட்டும் நினைவில் வைக்கும் குறி) குறித்துக்கொண்டு, அடுத்த முறை இரண்டே பெட்டிகளில் முடிக்க வேண்டும்.

அடுத்தது கிளைகள். ஐந்து இடங்களில் ஆம் அல்லது இல்லை என்று கேட்டு, ஐந்தையும் கடைசிவரை நினைவில் வைத்தால், சேர்க்கைகள் 32. விளையாட்டு பத்து மணி நேரம் என்றால் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க 320 மணி நேரம். பத்துக் கேள்வி என்றால் சேர்க்கை 1,024. யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆகவே பெரும்பாலான தேர்வுகள் அடுத்த இரண்டு மூன்று காட்சிகளுக்குள் மீண்டும் ஒரே பாதையில் வந்து சேர வேண்டும். ஒருவர் பேசும் விதம், கிடைக்கும் பொருள், யார் கூட வருகிறார் என்பது மாறலாம்; போகும் ஊர் மாறக்கூடாது. கடைசிவரை நினைவில் நிற்கும் தேர்வு ஒன்றோ இரண்டோ போதும். அவற்றையும் கதையின் கடைசி மூன்றில் ஒரு பகுதிக்குள் வைத்தால் சோதனை நேரம் வெகுவாகக் குறையும்.

கதை எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துவைப்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். எக்ஸ்பி-யில் 5,000 சுவிட்ச் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், 'தாத்தாவைப் பார்த்தாயிற்று', 'சாவி வாங்கியாயிற்று', 'பாலம் உடைந்தது' என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச் போடுகிறார்கள். பாலம் உடைந்திருக்கிறது, ஆனால் தாத்தாவைப் பார்க்கவில்லை என்ற நடக்கவே கூடாத நிலைக்கு ஆட்டக்காரர் ஏதாவது சந்து வழியாகப் போய்ச் சேருவார். முதன்மைக் கதைக்கு ஒரே ஒரு வேரியபிள் (ஓர் எண்ணை நினைவில் வைக்கும் இடம்) வைத்து, கட்டம் 10, 20, 30 என்று ஏற்றிக்கொண்டு போவது பாதுகாப்பு. நடுவில் காட்சி சேர்க்க நேர்ந்தால் 25 காலியாக இருக்கும். ஈவன்ட் என்பது மேப்பில் ஒரு பாத்திரமோ பொருளோ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைத் தொகுப்பு; அதில் பல பக்கங்கள் இருக்கலாம். ஈவன்ட் பக்கத்தின் வேரியபிள் நிபந்தனை 'இந்த எண் அல்லது அதற்கு மேல்' என்றே வேலை செய்கிறது. நிபந்தனை பொருந்தும் பக்கங்களில் எண் பெரிய பக்கமே காட்டப்படும். ஆகவே பிற்காலக் கட்டத்தின் வசனம் பிற்காலப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். வரிசை மாறினால், கிராமமே எரிந்த பிறகும் கடைக்காரர் 'இன்று நல்ல வெயில்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். கிளைக்கதைகளுக்குத் தனி வேரியபிள் தரலாம்; அதன் எண் முதன்மைக் கதையை ஒருபோதும் நகர்த்தக்கூடாது.

இன்னும் இரண்டு பழைய எதிரிகள். தானாக ஓடும் ஈவன்ட்டின் கடைசியில் அதை நிறுத்தும் சுவிட்சைப் போட மறந்தால் காட்சி முடிந்து மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். ஆட்டக்காரருக்கு விளையாட்டு உறைந்ததுபோல் தெரியும். ஒரு பாத்திரம் நடந்து முடியும்வரை காத்திரு என்று கட்டளை போட்டு, அது நடக்கும் வழியில் நாயகரோ வேறொருவரோ நின்றால், அங்கேயும் அப்படியே நின்றுவிடும். ஒரு காட்சியில் ஆறு பேரை நடக்கவிட்டால் இந்த வாய்ப்பு ஆறு மடங்கு. திரை இருளும் நொடியில் எல்லாரையும் உரிய இடத்தில் வைத்துவிட்டுத் திரையைத் திறப்பது அழகாக இல்லாவிட்டாலும் பிழைத்துவிடும்.

அத்தியாயமாக வெளியிடுபவர்களுக்குப் பழைய சேவ் ஃபைல் தனித் தலைவலி. இரண்டாம் பதிப்பில் கட்டம் 55-இல் ஒரு மோதிரம் தரும் காட்சியைச் சேர்த்தால், ஏற்கெனவே 60-இல் சேவ் செய்தவரிடம் மோதிரம் இருக்காது. கட்டம் 90-இல் அது கேட்கப்படும்போது மாட்டிக்கொள்வார். கேட்கும் இடத்திலேயே 'இல்லையென்றால் இப்போது கொடு' என்று ஒரு மாற்றுவழி வைத்துவிட வேண்டும். கதையின் முன்பகுதியைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டியிருப்பதால், பொதுவெளிக்கு வந்துவிட்ட அத்தியாயத்தின் கதையைத் தொடாமல் இருப்பதே மேல்.

பெரிய கதைக்குப் போக விரும்புபவர்களுக்கு

ஸ்கைரிம் விளையாட்டின் மேல் கட்டிய எண்டெரல் (2016), தனி உலகமும் தனித் தத்துவமும் கொண்ட கனமான கதை. அதைச் செய்த ஜெர்மன் குழு ஷூர்ஏஐ, அதே தொடரின் முந்தைய விளையாட்டான ஆப்ளிவியன் மேல் நெரிம் (2010) என்ற முழு விளையாட்டை முடித்து, அதற்கும் முந்தைய மாரோவின்ட் மேலும் வேலை செய்து கைபழகிய குழு. ஃபால்அவுட் 4-இன் மேல் வந்த ஃபால்அவுட் லண்டன் (2024) கதையை 2237-ஆம் ஆண்டு லண்டனுக்கு நகர்த்தியது. அமெரிக்கப் பாலைநிலக் கதைகளோடு முரண்படும் வாய்ப்பு அதிலேயே பெருமளவு போய்விட்டது. 2024 ஏப்ரலில் வரவேண்டிய அது ஜூலைக்குத் தள்ளிப்போனது. காரணம், மூல விளையாட்டுக்கு அதே ஏப்ரலில் வந்த அதிகாரப்பூர்வப் புதுப்பிப்பு. குரல் நடிப்போடு கூடிய பெரிய கதைக்கு இன்னொரு செலவும் உண்டு: பதிவு முடிந்தபின் ஒரு வரியை மாற்ற நடிகரை மறுபடி தேட வேண்டும். எழுத்து முழுதும் பூட்டப்பட்ட பிறகே மைக் முன்னால் போக வேண்டும். முதல் ரசிகர் கேமைச் செய்பவர் குரலே வைக்காமல் இருப்பது நல்லது.

நீண்ட திட்டங்களில் யாரும் எதிர்பாராத ஒன்று நடக்கும். எழுதுபவருக்கு வயதாகும். பதினாறு வயதில் எழுதிய தொடக்கமும் இருபத்தைந்தில் எழுதிய முடிவும் இரண்டு வேறு ஆட்களின் கதையாகத் தெரியும். தொடக்கத்தில் கேலியும் கிண்டலும், முடிவில் ரத்தமும் தற்கொலையும் என்று பல கேம்களில் காணும் தொனிப் பிளவுக்கு இதுவே காரணம். முதல் ஒரு மணி நேரத்தைக் கடைசியில் மறுபடி எழுதுவது இதற்கு வழி. அதுவரை தற்காலிக வசனமே போதும்.

வெட்ட வேண்டும் என்றால் வரிசை இது. முதலில் பிளாஷ்பேக் காட்சிகள்; அவற்றில் உள்ள தகவலில் பெரும்பகுதியை ஒரு கல்லறைப் பலகையோ பூட்டிய அறையோ சொல்லிவிடும். அடுத்து, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு துணைப்பாத்திரங்களை ஒருவராக்குவது. பிறகு, வில்லனின் நியாயத்தை விளக்கும் உரை. அதற்கு மூன்று பெட்டிக்கு மேல் தர வேண்டியதில்லை. இத்தனைக்குப் பிறகும் கூடுதலாக இருந்தால்தான் பெரிய திருப்பங்களைத் தொட வேண்டும். வெட்டியபின், மூல விளையாட்டைத் தொட்டறியாத ஒருவரை முதல் ஒரு மணி நேரம் விளையாடவிட்டு மூன்று கேள்வி கேட்கலாம்: நீ யார், இப்போது எங்கே போகிறாய், யார் தடுக்கிறார்கள். முதல் கேள்வியில் தடுமாறினால் பரவாயில்லை, பல நல்ல கேம்களில் அது பின்னால்தான் தெரியவரும். இரண்டாவதில் தடுமாறினால் முதல் மணி நேரத்திலுள்ள பெயர்களை எண்ண வேண்டும். நான்கைத் தாண்டியிருந்தால் தாண்டியவற்றை எடுத்துவிட்டு வேறொருவரை உட்கார வைக்க வேண்டும். அதே ஆளை மறுபடி உட்கார வைத்தால் சோதனை செல்லாது.